ஏழாவது பாட்டில் இலவசம்

1

போன செவ்வாய்க்கிழமை காலை போர்ட் பிளேயரில் எங்கள் டெலானிபூர் மேட்டில் ஒரு ஜீப் முக்கி முனகி ஏறி வந்தது. மேலே குழாய் ஒலிபெருக்கி. முதலில் இந்தியில், அடுத்து வங்காளத்தில், கடைசியாகத் தமிழ் என்று அவர்கள் நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்றில் அறிவித்தார்கள். பஜாரில் புதிதாக மருந்துக்கடை திறந்திருக்கிறதாம். பத்து ரூபாய்க்கு மருந்து வாங்கினால் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று இனாமாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்க கிளம்பிட்டீக?" அடுப்படியிலிருந்து காந்திமதியின் குரல்.

"சும்மா, பஜார் வரைக்கும்."

"சோப்பு டப்பா மூணு இருக்கு நம்ம வீட்டுல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மருந்துக்கடைக்கு எட்டிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லாமல் போனது ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாகச் சொல்லவில்லை.

2

சிவகங்கைப் பக்கத்திலிருந்து சர்க்கார் குமாஸ்தாவாக நான் போர்ட் பிளேயருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. "தீவுல என்ன செலவு இருக்கப் போகுது, மீனும் தேங்காயும் சும்மாவே கிடைக்குமே" என்று எழுதுகிறீர்கள். மீன் கிடைக்கும். தேங்காயும் கிடைக்கும். மற்றபடி உப்பு முதல் ஊசி வரை கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் என்பது காகிதத்தில் எழுதியிருக்கும் சங்கதி. காற்று, மழை, எஞ்சின், இவை மூன்றும் ஒரே வாரத்தில் ஒத்துழைத்தால்தான் அது நடக்கும். இங்கே இரண்டு பேர் தெருவில் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "ஜஹாஸ் கப் ஆயேகா?" என்றுதான் கேட்பார்கள். கப்பல் எப்போது வரும். யாருக்கும் தெரியாது. ஆனாலும் கேட்பார்கள்.

காந்திமதிக்கு இளைப்பு நோய். ஊரில் மார்கழியில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இங்கே வருஷத்தில் எட்டு மாதம் மழை. சுவரெல்லாம் பூஞ்சை, தலையணையில் ஈரம், பெட்டியில் வைத்த பட்டுச்சேலையில்கூடப் பச்சை படர்ந்திருக்கும். அவள் நெஞ்சுக்குள் நாள் முழுக்கப் பூனை ஒன்று கத்திக்கொண்டிருப்பது போலச் சத்தம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதைச் சாப்பிட்டால் பூனை அடங்கும். ஒரு வேளை விட்டால் எழுந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை இருப்பு இல்லை. பஜாரில் ஒரு மலையாளி கடையில் இருந்தது, மெட்ராஸ் விலையைப் போல ஒன்றரை மடங்கு. கேட்டால் "கப்பல் கூலி, சாரே" என்பார். வெளியில் வாங்கும் மருந்துக்கு சர்க்கார் பணம் திருப்பித் தரும் என்று ஒரு விதி உண்டு. விதியைப் படித்தால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். மருந்து அவசியம்தான் என்று டாக்டரின் சான்று மூன்று பிரதி வேண்டும். ஆஸ்பத்திரியில் இல்லை என்று இன்னொரு சான்று வேண்டும். பில் வேண்டும். அப்புறம் காலிப் பாட்டிலை லேபிளோடு கொண்டுபோய் ஆபீசில் காட்ட வேண்டும். அவர்கள் அந்த லேபிளின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழிப்பார்கள். ஒரே பாட்டிலை இரண்டு முறை காட்டி சர்க்காரை ஏமாற்றிவிடக் கூடாதல்லவா!

இதையெல்லாம் பார்ப்பவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா. வங்காளி. எல்லாரும் படாபாபு என்போம். வந்த புதிதில் அவர் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டி, மனைவியின் மருந்து விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். இந்தியில் மருந்துக்குத் 'தவா' என்று பெயர். நான் 'தாவா' என்று நீட்டிவிட்டேன். நம் ஊரில் தாவா என்றால் கோர்ட்டு வழக்கு. இந்தியிலும் கிட்டத்தட்ட அதுதான். படாபாபு கண்ணாடியைக் கழற்றி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "உன் பெண்டாட்டி உன் மேல் கேஸ் போட்டிருக்கிறாளா?" என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. அதற்கப்புறம் மருந்து பில்லோடு நான் அவர் மேஜைப் பக்கம் போனாலே எவனாவது ஒருவன் "கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்பான்.

3

இந்தி விஷயத்தில் என் மகள் வசந்தா வேறு ஜாதி. அப்போது அவளுக்குப் பத்து வயது. தெருவில் வங்காளிப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் இந்தியில் சண்டை போட்டு, இந்தியிலேயே சமாதானமாகி, வீட்டுக்குள் வந்தும் "அப்பா, சாவி கிதர் வச்சீங்க?" என்பாள். கணக்கை இந்தியில்தான் எண்ணுவாள். தாத்தாவுக்கு ஒரு கடிதாசி எழுது என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதில் நாலு பிழை. திட்டினால், "இங்க யாரு தமிழ்ல கேக்குறாங்க?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு அதிக எரிச்சல்.

மெட்ராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகைதான் எனக்கு ஊரோடு இருந்த கயிறு. அதுவும் கப்பலில்தான் வரும். மூன்று இதழ் ஒரே கட்டாக, ஓரமெல்லாம் நனைந்து. கதைகளைக் காந்திமதி படிப்பாள். நான் விளம்பரம் படிப்பேன். மருந்துக்கடை விளம்பரம் என்றால் இரண்டு முறை. தீபாவளித் தள்ளுபடி, பொங்கல் தள்ளுபடி, கூப்பனை வெட்டி அனுப்பினால் தைலம் பாதி விலை. கண்ணில் படும்போது கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். எத்தனை கூப்பன்களை அப்படியே கிழித்துப் போட்டிருப்பேன்!

ஒருநாள் கெடு இல்லாத விளம்பரம் ஒன்று வந்தது. மெட்ராஸில் ஒரு மருந்துக்கடை, பெயர் வேண்டாம். காந்திமதி சாப்பிடும் அதே மாத்திரை. எங்களிடம் வாங்கிய ஆறு பாட்டில்களின் லேபிள்களை அனுப்புங்கள், ஏழாவது பாட்டில் எங்கள் அன்பளிப்பு. விலையும் மலிவு. வி.பி.பி.யில் தபாலாபீசுக்கு வந்து சேரும். பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

அன்று நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று காந்திமதி பின்னால் சொல்வாள்.

4

ஆறு பாட்டில்களையும் அந்தக் கடையிலிருந்தே வரவழைத்தேன். ஒரு பாட்டிலில் ஐம்பது மாத்திரை. இருபத்தைந்து நாள் வரும். ஐந்தாவது தீர்ந்து ஆறாவதைத் திறந்த அன்றே லேபிள்களை உரிக்க உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துணி சுற்றிவைத்து, ஓரத்தில் நகம் கொடுத்து, ஒரு கிழிசல் இல்லாமல் ஆறையும் எடுத்துப் பதிவுத் தபாலில் கப்பலேற்றினேன்.

"ஆபீஸ்ல காட்ட லேபிள் வேணாமா?" என்று காந்திமதி கேட்டாள்.

"பில் இருக்கில்ல? லேபிளை எவன் உத்துப் பாக்குறான்?"

ஐந்து மாத பில்லையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். சர்க்காரிடமும் வாங்கலாம், கடையிடமும் வாங்கலாம் என்பது என் திட்டம். இரண்டு பக்கமும் வாய் வைக்கும் இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அடுத்த கப்பலில் இலவச பாட்டில் வந்துவிடும். அது இருபதாம் நாள். கையில் இருப்பதோ இருபத்தைந்து நாளைக்கு. இதில் எங்கே தவறு என்று நீங்களே சொல்லுங்கள்.

பத்தொன்பதாம் நாள் கப்பல் ஆபீஸ் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள். கப்பலில் ஏதோ பழுது. பத்து நாளோ, மேலேயோ தாமதம்.

பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினேன். பன்னிரண்டு மாத்திரை. பஜார் மலையாளி கடையில் அதே மாத்திரை அலமாரியில் வரிசையாக நின்றது. ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒன்றரை மடங்கு விலை. இனாமாக ஒன்று கடலில் வந்துகொண்டிருக்கும்போது இதற்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்? கை பைக்குள் போய் மூன்று முறை வெளியே வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன்: "டாக்டரம்மாவ வழியில பார்த்தேன். உனக்கு இப்ப நல்லா இருக்கு, இனிமே பாதிப் பாதி போதும்னாங்க."

காந்திமதி முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா? குறைஞ்சுக்கிட்டு வருதா?"

"பின்ன?"

சவர பிளேடால் ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக வெட்டி வைத்தேன். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். டாக்டரம்மாவை நான் பார்க்கவே இல்லை.

5

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. ஐந்து நாளாகவே காந்திமதிக்குப் பேச்சு இரண்டு துண்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. "மழைல அப்படித்தான் இருக்கும், குறைஞ்சிரும்" என்று அவளே எனக்குத் தைரியம் சொன்னாள். மத்தியானம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவற்பழம் தின்றது போல ஆகிவிட்டது. நான் விசிறியை எடுத்துக்கொண்டு நின்றேன். மூச்சு வராதவளுக்கு விசிறினால் என்ன ஆகும்?

வசந்தாதான் மழையில் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு பிலோமினாவைக் கூட்டி வந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. புருஷனுக்கு, சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரை பாம்பூபிளாட்டுக்குப் போகும் படகில் வேலை. அவருக்கும் இதே இளைப்பு, இதே மாத்திரை.

"என்ன அண்ணாச்சி, மாத்திர எங்க?"

நான் அரை மாத்திரைகள் இருந்த கிண்ணத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாத்திரையை எடுத்து, வெந்நீரில் கரைத்து, காந்திமதியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். "ஏசுவே, ஏசுவே" என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தடவினாள். அவள் புருஷன் மேட்டிலிருந்து இறங்கி ஓடி, யாரோ ஒரு காண்டிராக்டரின் ஜீப்பை மறித்துக் கொண்டுவந்தார். மழையில் நனைந்து அவருக்கே இளைத்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டரம்மாவும் வங்காளிதான், தமிழ் தெரியாது. மருந்து எப்படிச் சாப்பிடுகிறாய் என்று காந்திமதியிடம் இந்தியில் கேட்டார். வசந்தா தமிழில் சொன்னாள். காந்திமதி இரண்டு விரலைக் காட்டி, ஒரு விரலை மடக்கினாள். பாதி.

டாக்டரம்மா இந்தியில் இரைந்தார்.

வசந்தா அம்மாவின் காதருகில் குனிந்தாள். "அம்மா, பாதியா சாப்பிடச் சொன்னது யாருன்னு கேக்குறாங்க. அவங்க சொல்லவே இல்லையாம்."

மூக்கில் குழாயோடு காந்திமதி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். குறைந்துகொண்டு வருகிறது என்று நம்பி ஆறு நாள் சந்தோஷமாக இருந்தாளே, அந்தச் சந்தோஷம் முகத்தை விட்டு இறங்கிப் போவதைப் பார்த்தேன்.

டாக்டரம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

6

அன்றே மலையாளி கடையில் போய் இரண்டு பாட்டில் வாங்கினேன். அவர் சில்லறை தரும்போது "வீட்டில் சுகமில்லையோ, சாரே?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் கப்பல் வந்தது. எனக்குப் பார்சலும் வந்தது. பிரித்தால் உள்ளே மாத்திரை இல்லை. ஆறு டப்பா பல்பொடி! கூடவே ஒரு கடிதம். தாங்கள் அனுப்பிய ஆறு லேபிள்களும் கிடைத்தன, தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி, தாங்கள் கோரிய மருந்து தற்சமயம் கையிருப்பில் இல்லாதபடியால் அதற்கு ஈடான பொருளை அனுப்பியுள்ளோம். பல்பொடிக்காகவா என் வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்தாள் என்று எழுதினேன். என் லேபிள்களையாவது திருப்பி அனுப்புங்கள் என்றும் எழுதினேன். இரண்டு கப்பல் கழித்து லேபிள்கள் வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா மையில் 'ரத்து' என்று முத்திரை. இதில் மட்டும் கடைக்காரருக்கு எவ்வளவு ஒழுங்கு!

எல்லாவற்றையும் படாபாபுவிடம் கொண்டுபோனேன். பில் தனியே, பாட்டில் தனியே, லேபிள் தனியே. அவர் லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாட்டிலில் ஒட்டாத லேபிள் செல்லாது. ஏற்கெனவே முத்திரை குத்திய லேபிள் அறவே செல்லாது. திருப்பிவிட்டார். மறுபடி பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன். ஒட்டியது தெரிகிறது என்று திருப்பினார். மனு எழுதினேன். மனு மூன்று பிரதியாக இல்லை என்று திருப்பினார்.

மூன்றாவது முறை நான் திரும்பி வந்த அன்று காந்திமதி, "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளாகப் பேசிய முதல் பேச்சு என்று சொன்னால் மிகையில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், கேட்டதற்கு ஆம், இல்லை. அவ்வளவுதான்.

"நீ எதுக்கு? ஆபீஸ் மேடு ஏறணும்."

"ஏறுறேன்."

மறுநாள் வசந்தாவும் வந்தாள், பள்ளிக்கூடம் விடுமுறை. மேட்டில் மூன்று இடத்தில் காந்திமதி நின்று மூச்சு வாங்கினாள். நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை, மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள். படாபாபுவின் மேஜை முன் போய் நின்றபோது அவள் நெஞ்சுச் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

படாபாபு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு வசந்தாவிடம், லேபிளை ஏன் கடைக்கு அனுப்பினார்கள் என்று அம்மாவைக் கேள் என்றார்.

வசந்தா கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் அனுப்பச் சொன்னேன்னு சொல்லு," என்றாள் காந்திமதி. "ஒரு பாட்டில் சும்மா கிடைக்குமேன்னு ஆசைப்பட்டுட்டேன். அவுக வேணாம்னுதான் சொன்னாக. நாந்தான் கேக்கல."

வசந்தா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிளேடால் நான் மாத்திரை வெட்டும்போது பக்கத்தில் இருந்தவள். ஆஸ்பத்திரியில் காதோடு கேட்டுச் சொன்னவள். அவளுக்கு எல்லாம் தெரியும். படாபாபு பக்கம் திரும்பி, தெளிவான இந்தியில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். எனக்குப் பதினாறு வருஷம் ஆனாலும் வராத இந்தி.

படாபாபு சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஊரில் தன் அம்மாவுக்கும் இதே நோய் என்றார். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில்தான் அவர் இறந்தாராம், தனக்குச் செய்தியே பன்னிரண்டு நாள் கழித்து வந்ததாம். பிறகு மெட்ராஸ் கடைக்காரனின் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். லேபிள்களை உரித்ததும் முத்திரை விழுந்ததும் கடைக்கு அனுப்பியதால்தான், அதற்குக் கடைக்காரனின் கடிதமே அத்தாட்சி என்று ஓரத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை மாதம் அந்தக் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"நாளைக்கும் நீங்க அந்த ஆபீஸ்லதான உக்காரணும்."

"அதுக்காக..."

"ஆபீஸ்ல உங்களை விட்டுக்குடுக்க முடியாது." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "இனிமே என் மருந்தை நான் வாங்கிக்கிறேன். மாசம் பிறந்ததும் காசைக் குடுத்துருங்க."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். நான் பின்னால் போனேன்.

பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது, இரண்டு பில்லைக் கழித்துக்கொண்டு. காந்திமதி இப்போது நன்றாக இருக்கிறாள். மாதம் பிறந்தால் மலையாளி கடைக்கு அவளேதான் போகிறாள். அவரும் அவளும் மலையாளமும் தமிழும் கலந்து ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். வசந்தா கல்லூரிக்குக் கப்பலேறிவிட்டாள். தமிழில்தான் கடிதாசி எழுதுகிறாள், பிழைகளோடு. அந்த ஆறு நாளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மன்னிப்பு நான் இன்னும் கேட்கவில்லை. பல முறை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.